முப்பத்தொன்றாம் எண் வீட்டு டேப்

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுத்தான் கேட்க வேண்டும் என்பது எங்கள் தெருவில் எழுதப்படாத சட்டம். எனக்கு வைத்திருக்கும் பெயரே ‘ரேடியோ’. கோபமெல்லாம் இல்லை, ரேடியோ இல்லாவிட்டால் இவர்களுக்குப் பொழுது எப்படிப் போகும்? ஆனால் இந்த விஷயத்தில் தள்ளுவதற்குப் பாதி கிடையாது. ஒரு புதன்கிழமை, பட்டப்பகலில், மதியம் 2.35க்கும் 3.04க்கும் நடுவில் நடந்தது. நேரம் எப்படி இவ்வளவு துல்லியமாகத் தெரியும் என்றால், நான் உட்கார்ந்திருந்த அறையில் பார்ப்பதற்கு ஒரு சுவர்க்கடிகாரத்தைத் தவிர வேறு எதுவும் இல்லை.

என் தங்கை கைக்குழந்தையோடு அந்தச் சனிக்கிழமை எங்கள் தெருக்கோடி வீட்டுக்குக் குடிவருவதாக ஏற்பாடு. கதவு எண் 31. நான் இந்தத் தெருவுக்கு வந்து பதினொரு வருஷம் ஆகிறது. யார் யாரோடு பேசுவதில்லை, ஏன் பேசுவதில்லை, நடுவில் சமாதானம் செய்யப் போய் மூக்குடைபட்டது யார், எல்லாம் எனக்கு அத்துப்படி. 31 மட்டும் தெரியாது. நான் வரும்போதே பூட்டிக் கிடந்தது. கேட்டால், “அங்க ஒரு நர்சம்மா இருந்தாங்க” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார்கள். எங்கள் தெருக்காரர்களே பேச்சை மாற்றுகிறார்கள் என்றால்... நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எதிர்வீட்டுப் பேராசிரியர்தான் வழி சொன்னார். பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளத்தில் ‘குரல் காப்பகம்’ என்று ஒன்று இருக்கிறதாம். முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் வரலாற்றுத் துறை மாணவர்கள் வீடு வீடாகப் போய், வயதானவர்களைப் பேசவைத்துப் பதிவு செய்தார்களாம். “நம்ம தெருவுல மட்டும் பதினாலு டேப் இருக்கு. யார் வேணும்னாலும் போய்க் கேக்கலாம்.”

பதினாலு டேப் வம்பு! இத்தனை வருஷம் என்னிடம் மறைத்த பாவத்தை இந்த மனிதர் எங்கே போய்க் கழுவுவார்?

போனேன். படியிறங்கினால் ஜன்னலே இல்லாத நீளமான கூடம். ஒரு பக்கம் பழைய செய்தித்தாள்களின் படச்சுருள்கள், இன்னொரு பக்கம் நில வரைபடங்கள், யார் யாரோ யார் யாருக்கோ எழுதிய கடிதங்கள் பெட்டி பெட்டியாக. அடுத்தவர் கடிதத்தைப் படிப்பதற்கு மேசை, விளக்கு, பென்சில் எல்லாம் போட்டுக் கொடுக்கிறார்கள். அங்கேயே தங்கிவிடலாமா என்றிருந்தது.

டேப்புகளுக்குப் பொறுப்பாளர் என் நரைமுடியை ஒரு பார்வை பார்த்தார்.

“ஆய்வு மாணவியா?”

“ஆமா. தெருவைப் பத்தி ஆய்வு.”

“எத்தனை வருஷமா?”

“பதினொண்ணு.”

சிரிக்கவில்லை. பட்டியலைத் தள்ளினார். 31க்கு நேராக ‘46 நிமிடம்’ என்பதைத் தவிர எதுவும் இல்லை. சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

“மூல டேப்பை நீங்க தொடக்கூடாதும்மா. பக்கத்து ரூம்ல நான் ஓட்டுவேன், நீங்க இந்தச் சின்ன ரூம்ல உக்காந்து ஹெட்ஃபோன்ல கேக்கலாம். மேசை மேல மணி பட்டன் இருக்கு. ஒரு தடவை அடிச்சா நிறுத்துவேன். ரெண்டு தடவை அடிச்சா பின்னால சுத்துவேன். பேசாதீங்க. சுவர் தாண்டிக் கேக்காது.”

பேசாதே என்று என்னிடம் சொன்னவர்கள் நிறையப் பேர். காரணம் சொன்னது அவர் ஒருவர்தான்.

2.35. இரைச்சல். ஒரு பையனின் குரல் தேதியையும் தெருவையும் சொன்னது. “கதவு எண் முப்பத்தொன்று.” காலடிச் சத்தம். ஒரு கதவு சாத்தும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

பதினைந்து நிமிடம் ஒன்றுமில்லை. நர்சம்மா வெட்கப்படுகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2.51. நாற்காலியை இழுக்கும் சத்தம். யாரோ உட்கார்ந்து பெருமூச்சு விடுவது போல...

“வந்துட்டீங்களா?”

வயதான பெண் குரல். கனிவான குரல்தான். பையன்களிடம் பேசுகிறார் என்று காகிதத்தில் குறித்துக்கொண்டேன். ஆனால் பையன் பதில் சொல்லவில்லை.

“சாமான்லாம் சனிக்கிழமைதானே வருது?”

பென்சில் நின்றது. சரியாகக் கேட்கவில்லை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். மணியை இரண்டு தடவை அடித்தேன். 2.55.

டேப் பின்னால் சுற்றும் கீச்சுச் சத்தம் வரவில்லை. இரைச்சல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

“திரும்பச் சொல்ல மாட்டேம்மா. ஒரு தடவைதான்.”



2.59. “குழந்தைக்கு எத்தனை மாசம்?”

என்னிடம் ஒரு கெட்ட பழக்கம். யார் எதைக் கேட்டாலும் யோசிக்கும் முன் வாய் பதில் சொல்லிவிடும். இப்போதும் சொல்லிவிட்டது.

“மூணு.”

“மூணா... பால் குடிச்சதும் தோள்ல போட்டுத் தட்டணும். உங்க தங்கச்சியைத் தூங்கச் சொல்லுங்க. நான் தட்டறேன்.”

தட்... தட்... தட்...

மணியை ஒரு தடவை அடித்தேன். நிற்கவில்லை.

இன்னொரு தடவை. நிற்கவில்லை.

மூன்று தடவை விடாமல் அடித்தேன். அப்போதுதான் கவனித்தேன்... மணிச் சத்தம் அறையில் கேட்கவில்லை. ஹெட்ஃபோனுக்குள் கேட்டது. தூரத்தில்... காலி வீட்டில் அடிப்பது போல.

ஹெட்ஃபோனைக் கழற்றி எறிந்தேன்.

சத்தம் நின்றது.

தட்டுவது நிற்கவில்லை.

என் இடது தோளுக்குக் கீழே... மெதுவாக... தட்... தட்...

3.04. எப்படிக் கூடத்துக்கு வந்தேன் என்று தெரியாது.

பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். “என்னம்மா ஆச்சு? டேப் இன்னும் ஓடுதே.”

“எத்தனை தடவை மணி அடிச்சேன்! ஏன் நிறுத்தல?”

“ஒண்ணுகூடக் கேக்கலையே.” உள்ளே போய்ப் பட்டனை அழுத்திக் காட்டினார். கூடமே அதிர மணி அடித்தது.

“டேப்புல அந்தம்மா பேசினது உங்களுக்குக் கேட்டுச்சா?”

“நான் கேக்கறதில்லம்மா. டேப் சுத்துதான்னு பாக்கறதோட சரி.”

அங்கிருந்தே தங்கைக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன். கடைசிவரை கேட்டாள். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

“அக்கா, ஊருக்குச் சொல்ற கதையை எங்கிட்டயுமா? சாமானெல்லாம் கட்டியாச்சு. வண்டிக்காரர்கிட்டயும் சொல்லியாச்சு.”

பதினொரு வருஷம் உப்பும் காரமும் சேர்த்துப் பேசியதற்குக் கிடைத்த பலன். என் வாய்ச் சொல் செல்லாது. எழுத்தில் ஏதாவது வேண்டும்.

பொறுப்பாளரிடம் கெஞ்சினேன். ஒவ்வொரு டேப்புக்கும், பதிவு செய்த மாணவர்கள் கையால் எழுதிய தாள் ஒன்று உண்டாம். 31இன் தாளைத் தேடி எடுத்து நகல் போட்டுக் கொடுத்தார். இருபுறமும் எழுதிய ஒரே தாள். முன்பக்கம் நாலே வரி.

‘நேர்காணல் நடைபெறவில்லை. செவிலியர் ஆறு நாட்களுக்கு முன் காலமாகிவிட்டார். கருவியைச் சோதிப்பதற்காகக் காலி வீட்டில் 46 நிமிடம் ஓடவிட்டு, நாங்கள் வாசலில் நின்றோம். பதிவில் ஏழு முறை மணிச் சத்தம் கேட்கிறது. வீட்டில் மணி எதுவும் இல்லை.’

எண்ணிப் பார்த்தேன். இரண்டு... ஒன்று... ஒன்று... மூன்று.

அன்று சாயங்காலம் 6.10. தங்கை வீட்டுக் கூடத்தில் கட்டிவைத்த பெட்டிகளுக்கு நடுவே நின்று அவள் அந்தத் தாளைப் படித்தாள். குழந்தை என் தோளில் இருந்தது. தட்டிக்கொடுக்கக் கை வரவில்லை, சும்மா பிடித்துக்கொண்டிருந்தேன்.

முன்பக்கம் படிக்கும்வரை அவள் முகம் மாறவில்லை. தாளைத் திருப்பினாள். அந்தப் பக்கத்தை நான் படித்திருக்கவில்லை.

“அக்கா... இதைப் பாத்தியா?”

‘24ஆவது நிமிடம்: ஒரு பெண் குரல், “மூணு” என்கிறது. எங்கள் குழுவில் பெண்கள் இல்லை.’

போனில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

“மூணுன்னு யாருக்கா சொன்னது?”

யார் எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிடும் வாய், அன்று திறக்கவில்லை.

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு குழந்தையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டு, ஒரு கையால் வண்டிக்காரருக்குப் போன் செய்தாள். “வேணாம்ங்க. வர வேணாம்.”

31 இன்னும் பூட்டித்தான் கிடக்கிறது. அந்த வீட்டைப் பற்றி யாராவது விசாரித்தால், “அங்க ஒரு நர்சம்மா இருந்தாங்க” என்கிறேன்.

பேச்சை மாற்றிவிடுகிறேன்.