ஒட்டகம் தண்ணீர் குடித்த நாள்

பேருந்து டிப்போவில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் யாரும் முழிப்பார்கள். ஒட்டகம் என்றால் வாசல் காவலாளிகூடக் கை காட்டுவார். காலையில் ஸ்டியரிங்கைப் பிடித்தால் வேலை முடிந்து இறங்கும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. தண்ணீர் குடித்தால் வழியில் இறங்க வேண்டும், இறங்கினால் வண்டி தாமதம், தாமதமானால் பயணிகளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். எதற்கு வம்பு? சாப்பாட்டையும் நின்றவாக்கில் நாலு வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவார். எல்லா ஓட்டுநர்களும் கொஞ்சம் அப்படித்தான். இவர் அதில் கரை கண்டவர்.

அப்பேர்ப்பட்ட மனிதருக்கு உணவுக்குழாயில் கட்டி வந்தது. முதலில் ரொட்டி இறங்கவில்லை, பிறகு வேகவைத்த காய், கடைசியில் பால்கூட மல்லுக்கட்டியது. மருத்துவமனையில் கட்டி அடைத்த இடத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். கம்பி வலையால் ஆன சின்னக் குழல் அது. உள்ளே மெல்ல விரிந்து வழியைத் திறந்து வைக்கும். விரிகிறபோது வலிக்கும் என்று முன்பே சொன்னார்கள், சொன்னபடியே வலித்தது. நெஞ்சுக்கு நடுவில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல, முதுகுவரை. பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவரை மனைவிதான் அதட்டி, கரைத்துக் குடிக்கிற வலி மருந்தை நேரம் தவறாமல் கொடுத்தாள்.

"வலியைப் பொறுத்துக்கிட்டா யாரும் மெடல் குத்தப் போறதில்லைங்க."

நாள் போகப்போக வலி அடங்கியது. தலையணைகளை அடுக்கிச் சாய்ந்தபடியே தூங்கவும் பழகிவிட்டார்.

சாப்பாடுதான் தகராறு. செவிலி படித்துப் படித்துச் சொல்லித்தான் அனுப்பியிருந்தார். மசித்த உணவு, கொஞ்சம் கொஞ்சமாக, நிமிர்ந்து உட்கார்ந்து, நடுநடுவே ஒரு வாய் வெந்நீர். இந்தக் கடைசிச் சமாச்சாரம் மட்டும் ஒட்டகத்தின் சுபாவத்துக்கு ஒத்துவரவில்லை. மனதுக்குள் ஒரு கணக்கு வேறு. உடம்பு தேறி மறுபடி வண்டி எடுக்கப்போகிறோம், இப்போது தண்ணீர்ப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் அப்புறம் அவஸ்தை யாருக்கு? தட்டோடு மனைவி வைக்கும் டம்ளரை, அவள் தலை மறைந்ததும் ஜன்னலோரப் பூந்தொட்டியில் சாய்த்துவிடுவார். அந்தச் செடி எப்படித்தான் வேகாமல் பிழைத்ததோ.

அன்று மதியம் மசித்த உருளைக்கிழங்கு. வாசனை நன்றாக இருந்ததால் அவசரப்பட்டார். ஒரு வாய் நெஞ்சில் வந்து நின்றது. அடுத்த வாய் அதன்மேல் போய் நின்றது. விழுங்கிய எச்சில் திரும்பி வாய்க்கே வந்தது. அவருக்குச் சப்த நாடியும் ஒடுங்கிவிட்டது. அடைத்திருப்பது கிழங்கு என்று அவருக்குத் தோன்றவே இல்லை. கட்டி வளர்ந்து ஸ்டென்டையும் மூடிவிட்டது என்றே நினைத்தார். இதுவும் அடைத்தால் வயிற்றில் துளை போட்டு, குழாய் வழியாகத்தான் ஆகாரம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அப்படியானால் வாயால் சாப்பிடுவது இதோடு சரி. அடுப்படியில் இருந்த மனைவிக்குத் தெரிய வேண்டாம் என்று, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்த நேரம் பார்த்து நடத்துநர் வந்து நின்றார். பல வருடம் ஒரே வண்டியில் கூட ஓடியவர்.

"என்ன அண்ணே, சுவத்துல படம் ஓடுதா?"

ஒட்டகம் திரும்பினார். அந்த முகத்தைப் பார்த்ததும் நடத்துநரின் சிரிப்பு நின்றது. "அண்ணி, சீக்கிரம் வாங்க!"

ஓடி வந்த மனைவி மருத்துவமனைக்குப் போன் போட்டாள். மூச்சு விட முடிகிறதா என்று செவிலி கேட்டார். முடிகிறது.

"சாப்பிடும்போது என்ன குடிச்சாரு?"

"எப்பவும்போல ஒரு டம்ளர் வெந்நீர். நானே வச்சேன்," மனைவி அடித்துச் சொன்னாள்.

நடத்துநர் வாயைப் பிளந்தார். "யாரு, இவரா? சாப்பாட்டுக்கு நடுவுல தண்ணியா? சான்ஸே இல்ல அண்ணி."

ஒட்டகத்தின் கண் தன்னை அறியாமல் பூந்தொட்டிப் பக்கம் போனது. மனைவி போய் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் சூடாக இருந்தது. அவள் போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப சாப்பாடுதான் சிக்கியிருக்கும், பயப்படாதீங்க," என்றார் செவிலி. "இனி ஒரு வாய்கூட ஊட்டாதீங்க. வெந்நீரையோ சோடாவையோ கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சிக்கிட்டே நடக்கட்டும். ரெண்டு மணி நேரத்துல இறங்கலைன்னாலும், வலி கூடுனாலும், உடனே கூட்டிட்டு வாங்க."

நடத்துநர் ஒட்டகத்தின் தோளைப் பிடித்து எழுப்பினார். "போலாம் ரைட்!"

கூடத்திலிருந்து அடுப்படி, அடுப்படியிலிருந்து கூடம். திரும்புகிற இடத்திலெல்லாம் மனைவி டம்ளரோடு நின்றாள். முதல் வாய் திரும்பி வந்துவிட்டது. அவள் முந்தானையால் அவர் வாயைத் துடைத்துவிட்டு, டம்ளரை மறுபடி நீட்டினாள். அதைப் பார்த்த பிறகு முரண்டு பிடிக்க அவருக்கு மனம் வரவில்லை. உறிஞ்சினார், நடந்தார், மறுபடி உறிஞ்சினார். எத்தனையாவது நடையிலோ நெஞ்சுக்குள் என்னவோ வழுக்கியது. வீடு அதிர ஒரு ஏப்பம். எச்சிலை விழுங்கிப் பார்த்தார், போனது. இன்னொரு தரம் விழுங்கினார், அதுவும் போனது.

"கட்டி இல்லடி! கிழங்குடி!" அப்படியே தரையில் உட்கார்ந்து, கூச்சமில்லாமல் அழுதார்.

"கிழங்கும் இல்ல, உங்க கொழுப்பு," என்றாள் மனைவி. சொல்லிவிட்டு அவளும் அழுதாள். நடத்துநர் மூக்கைச் சிந்திக்கொண்டு வாசலுக்குப் போனார்.

மறுபடி போனில் கேட்டபோது செவிலி சொன்னபடி, அன்று சாயங்காலம்வரை தண்ணீரும் பாலும்தான். பிறகு சூப். ஒரு கரண்டி சூப், ஒரு வாய் வெந்நீர் என்று அவர் ஒழுங்குப் பிள்ளையாகச் சாப்பிடுவதை மனைவி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ சாப்பிடலையா?"

"நான் அடுப்படியிலயே நின்னுக்கிட்டு ரெண்டு வாய் போட்டுக்குவேன். இத்தனை நாளா அப்படித்தான். உங்களுக்கு எறங்காதப்ப, உங்க முன்னால உட்கார்ந்து எப்படிங்க மெல்றது?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, பட்டினி கிடந்தது தான் மட்டும் இல்லை என்று. அவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்ததை இத்தனை நாள் எப்படித்தான் கவனிக்காமல் இருந்தாரோ.

"தட்டை எடுத்துக்கிட்டு இங்க வா."

அவள் எதிரே உட்கார்ந்தாள். முதலில் கூசிக் கூசித்தான் மென்றாள். பிறகு பசி வென்றது. தட்டை வழித்துவிட்டு எழுந்து போய், மறுபடி நிறையப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.