வலை கட்டாத கழிகள்

என் வீட்டுக்காரர் இன்ஜினியரிங் காலேஜில் வாத்தியார். தண்ணீர் எப்படி ஓடும், எங்கே திரும்பும், எங்கே தேங்கும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்ப்பது அவர் படிப்பு. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அவர் சொன்னதில் எனக்கு ஏறினது இவ்வளவுதான். பழவேற்காட்டு ஏரியைக் காகிதத்தில் கட்டம் கட்டமாகப் பிரிக்க வேண்டும். ஒரு கட்டத்துத் தண்ணீர் பக்கத்துக் கட்டத்துக்கு எவ்வளவு போகும் என்று மெஷினைக் கேட்க வேண்டும். வாயால் கேட்க முடியாது. அட்டையில் ஓட்டை போட்டு, கட்டாகக் கட்டிக் கொடுத்துவிட்டு வரவேண்டும். பதில் மறுநாள் வரும். சில நாள் அந்தப் பதிலைப் பார்த்துவிட்டுச் சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பார்.

"இன்னா ஆச்சு?" என்று கேட்டால், "ஏரி வெடிச்சிடுச்சு" என்பார். கணக்கு கைமீறி, ஒரு கட்டத்தில் தண்ணீர் பனைமர உயரம் ஏறிவிட்டதாம். இதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வரும். அவர் முகத்தைப் பார்த்தால் அடங்கிவிடும்.

நாங்கள் இரண்டு பேருமே அந்த ஏரிக்கரைக் குப்பத்தில் பிறந்தவர்கள்தான். எழுபதுகளின் நடுவில் அவர் டாக்டர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். பட்டம் வாங்கினால்தான் காலேஜில் வேலை நிலைக்கும் என்று இருந்தது. நாலைந்து வருஷம் கணக்கிலேயே போய்விட்டது. அவருக்கு மேலே இருந்த பெரிய புரொபசர் கடைசியாகச் சொல்லிவிட்டாராம்: "மெஷின் சொல்றது நெஜமான்னு ஏரியில அளந்து காட்டு. இல்லைன்னா இதுல கையெழுத்துப் போட மாட்டேன்." அளப்பதானால் கடலுக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கிற முகத்துவாரம் திறந்திருக்கும்போதே அளக்க வேண்டும். மழை முடிந்த கொஞ்ச மாசத்தில் மணல் வந்து அதை அடைத்துவிடும். அடுத்த வருஷம் திறக்குமா என்று யாருக்கும் தெரியாது.

மார்கழியில் லீவு போட்டுவிட்டு என்னையும் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்தார். மூங்கில் வாங்கி, சிவப்புப் பெயின்டில் கோடு போட்டு, எண் எழுதி, ஏரிக்குள் வரிசையாக நட்டார். தண்ணீர் எந்தக் கோடு வரை ஏறுகிறது, எந்தக் கோட்டுக்கு இறங்குகிறது என்று பார்ப்பதற்கு.

அங்கேதான் தப்பு நடந்தது. எங்கள் ஏரியில் இறால் பிடிக்கிற நல்ல இடங்களுக்குப் 'பாடு' என்று முறை உண்டு. இன்றைக்கு ஒரு குப்பத்துக்காரர்கள் வலை கட்டினால் நாளைக்கு அடுத்த குப்பம். அதற்குள்ளேயும் யார் எங்கே கட்டுவது என்று சீட்டுப் போட்டுத்தான் எடுப்பார்கள். கல்யாணம் ஆன ஆம்பிளைக்குத்தான் பாட்டில் இடம். கழி நட்டு அதில் வலையைச் சுற்றிக் கட்டுவது வழக்கம். அதனால் பாட்டில் இருக்கிறவன் ஒருவன் கழி நட்டால், 'இந்த இடம் எனக்கு' என்று அர்த்தம். இவர் எங்கள் குப்பத்து முறையன்றைக்கு நட்டார். மறுநாள் பக்கத்துக் குப்பத்தார் முறை. அவர்கள் வந்து பார்த்தால் வரிசையாக மூங்கில் நிற்கிறது. வலை இல்லாத மூங்கிலை யார் என்ன சொல்லப் போகிறார்கள் என்று இவர் இருந்துவிட்டார். படித்துப் படித்து அது மறந்துபோயிருக்கும்.

நாலு கழியைப் பிடுங்கிக்கொண்டு வந்து எங்கள் குப்பத்துப் பஞ்சாயத்தின் நடுவில் போட்டார்கள். நாங்கள் பெண்கள் வேலி ஓரம் நின்றோம்.

"தண்ணி அளக்கத்தான் நட்டேன்" என்றார் இவர்.

"அளக்கறதுக்கு ஏரி இன்னா பாலாடா? எவனாச்சும் சொம்பு எடுத்துக் குடுங்கடா!" என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எங்கள் ஆட்களும்தான்.

பக்கத்துக் குப்பத்துப் பெரியவர் சிரிக்கவில்லை. "உம் பேரு பாட்டுல இருக்குதா இல்லியா?"

"இருக்குது."

"அப்ப இது கழி. ஆபீஸ்காரன் எவனாச்சும் வந்து நட்டிருந்தா வெறும் கொம்புனு உட்டுட்டுப் போயிருப்போம். நீ நட்டா நாளைக்கு உங்கண்ணன் வலை கட்டுவாரு, நாளான்னிக்கு உங்க சித்தப்பன் கட்டுவான்."

"கட்ட மாட்டாங்க. நான் சொல்றேன்."

"நீ மெட்ராஸ்ல இருந்துக்கினு சொல்லுவ. ராத்திரியில காவல் யாரு, உம் மெஷினா?"

கடைசியில் எங்கள் குப்பத்துத் தலைவர், நாட்டார்தான் வழி சொன்னார். பாட்டில் இருந்து எழுந்துவிட்டால் கழியை விட்டுவிடலாம். எழுவது என்றால் நிஜமாகவே எழுவதுதான். வட்டமாக உட்கார்ந்திருக்கிற ஆட்களுக்கு நடுவில் இருந்து எழுந்து வெளியே போய் நிற்க வேண்டும். அதற்கப்புறம் அவருக்கும் இடம் இல்லை, பிள்ளைகளுக்கும் இல்லை. அப்போது என் வயிற்றில் ஏழு மாசம்.

அவருடைய அண்ணன், எனக்கு மச்சாண்டார், அந்த வட்டத்தில்தான் உட்கார்ந்திருந்தார். மண்ணைக் கிள்ளிக்கொண்டே இருந்தார்.

இவர் மறுநாள் வரைக்கும் தவணை கேட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார். மச்சாண்டார் சம்சாரம் மீனைக் கழுவிக்கொண்டே ஆரம்பித்தாள். "ஏன் தங்கச்சி, வயித்துல இருக்கறது ஆம்பளப் புள்ளையா இருந்தா அவன் எங்க போயி வலை போடுவான்? கம்ப்யூட்டர்லயா?"

"இல்லக்கா" என்றேன். கழுவின மீனை வாங்கி வைத்துவிட்டு நகர்ந்துவிட்டேன்.

குடிசைக்குப் பின்னால் அவர் நின்றுகொண்டிருந்தார். "நீ இன்னா சொல்ற?" என்று கேட்டார். கல்யாணம் ஆன நாளாக என்னை அப்படி அவர் கேட்டதில்லை.

"எழுந்துட்டா திரும்ப ஒக்கார முடியாதா?"

"முடியாது."

"அந்தக் காலேஜ்காரங்க உங்கள ஒக்கார வெப்பாங்களா?"

அவர் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "வெப்பாங்கன்னுதான் நெனச்சிக்கினு இருக்கறேன்."

ராத்திரியெல்லாம் அட்டையும் கையுமாக அவர் இருந்தது எனக்குத் தெரியும். ஏரி வெடித்துவிட்டது என்று சாப்பிடாமல் இருந்த நாளெல்லாம் தெரியும். "அப்ப எழுந்துடுங்க" என்றேன். சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

மறுநாள் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டு வெளியே வந்து, பெண்கள் நின்ற பக்கம், எனக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். பக்கத்துக் குப்பத்தாரே படகில் வந்து, பிடுங்கின கழிகளைத் திரும்ப நட்டுக் கொடுத்தார்கள். அந்த சீசன் முழுக்க ஒருவரும் அவற்றைத் தொடவில்லை.

மெஷின் சொன்னதும் கழி சொன்னதும் பெரும்பாலும் ஒத்துப்போனதாம். பட்டம் கிடைத்தது. வேலை நிலைத்தது. பெண் பிறந்தாள். பிறகு அவரும் புரொபசர் ஆனார். அவரிடம் படிக்க எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்தார்கள். குவார்ட்டர்ஸில் மற்ற வாத்தியார் வீட்டம்மாக்கள் ஊரைக் கேட்டால், பொன்னேரிப் பக்கம் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

எண்பதுகளில் ஒரு வருஷம் முகத்துவாரம் அடியோடு தூர்ந்துபோயிற்று. எங்கே வெட்டித் திறக்கலாம் என்று பார்க்க அரசாங்க இன்ஜினியர்களோடு இவரையும் அழைத்தார்கள். நானும் கூடப் போனேன். எல்லாக் குப்பத்து ஆட்களும் கரையில் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். வந்தவர்களுக்கு வட்டத்துக்கு வெளியே நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கும் ஒன்று. மச்சாண்டார் சம்சாரம் நின்றுகொண்டிருந்தாள். எனக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

இவர் படத்தை விரித்துக் காட்டி, வடக்குப் பக்கமாக வெட்டினால் தண்ணீரின் வேகமே மணலைத் தள்ளிவிடும், பழைய இடத்தில் வெட்டினால் சீக்கிரம் மூடிக்கொள்ளும் என்றார். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

"சார் சொன்னதக் கேட்டாச்சு. பழைய எடம்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார் நாட்டார். நிறையப் பேர் கை தூக்கினார்கள்.

"வடக்குப் பக்கம்?"

அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள். நாற்காலியில் இருந்து இவர் கையும் மேலே போயிற்று. யோசித்துத் தூக்கின கை இல்லை அது.

"சார்" என்றார் நாட்டார், மெதுவாக. அதில் கேலி ஒன்றும் இல்லை. "கைய எறக்கிக்கோங்க சார். இது பாட்டுல இருக்கறவங்களுக்கு."

இவர் கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். நாட்டார் எண்ணினார். பழைய இடம்தான் என்று ஆயிற்று. ஆட்கள் எழுந்து துண்டை உதற ஆரம்பித்தார்கள். மச்சாண்டார் மட்டும் வடக்குக்குத் தூக்கின கையை இன்னும் இறக்காமல், குனிந்த தலை நிமிராமல், அங்கேயே உட்கார்ந்திருந்தார்.