சக்கரக் கட்டிலும் தெற்குச் சுவரும்

அந்தக் கட்டில், ஆசிரமத்துப் பக்கம் வாடகை அறையில் இருந்த ஒரு வெள்ளைக்காரம்மாவுடையது. முதுகு வலிக்காக மெட்ராஸிலிருந்து வரவழைத்த ஆஸ்பத்திரிக் கட்டில். ஊருக்குத் திரும்பும்போது யாராவது எடுத்துக்கொண்டால் போதும் என்றிருந்தார். என் கணவர் பக்கவாதத்தில் விழுந்து அப்போது இரண்டு மாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போய்விட்டன. வயது நாற்பத்திரண்டு. கயிற்றுக் கட்டிலில் அவரைக் குனிந்து குனிந்து புரட்டியே என் இடுப்பு கழன்றிருந்ததால், உயரமான கட்டில் கிடைத்ததும் குதித்துக்கொண்டு வாங்கினேன். நாலு காலிலும் ரப்பர் சக்கரம். ஒரு பிரேக்கும் வேலை செய்யவில்லை என்பதை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் பார்த்தேன். என் சமர்த்து அவ்வளவுதான்.

எழுபதுகளின் கடைசி. செங்கம் ரோட்டில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். அறையின் வடக்கு ஜன்னலில் மலை முழுசாகத் தெரியும். தெற்குச் சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மாவின் சமையலறை. மண்ணும் செங்கலும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசிய பழைய சுவர். குடி வந்த அன்றே அந்தம்மா சொல்லிவிட்டார்: "டீச்சரம்மா, செவுத்துல ஒரு ஆணி கூட அடிக்கக் கூடாது. அத மட்டும் பாத்துக்கங்க."

கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போடுவதைத் தவிர வேறு வழி இல்லை. வடக்கே தலை வைத்து யாராவது படுப்பார்களா? சின்ன வயதில் பாயைத் தப்பாக விரித்தால், எமனைக் கூப்பிடுகிறாயா என்று முதுகில் ஒன்று விழும். அதனால் தலைமாடு தெற்கே, கால்மாடு வடக்கு ஜன்னல் பக்கம். அவருடைய இடது கைக்கு எட்டுகிற தூரத்தில் மேற்கே இன்னொரு சின்ன ஜன்னல். கண் திறந்தால் மலை.

கொஞ்ச நாளில் சுவர் உதிர ஆரம்பித்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் கட்டில் ஒரு சாண் கோணலாக நிற்கும். தலைமாட்டு இரும்பு மூலை சுண்ணாம்பைச் சுரண்டி, தலையணை மேல் வெள்ளையாகக் கொட்டியிருக்கும். கழுவிவிட்டால் தண்ணீர் ஓடட்டும் என்று தரையைச் சாய்வாகப் போட்டிருந்தார்கள். அந்தச் சாய்வுதான் கட்டிலை உருட்டுகிறது என்று நினைத்தேன். இரண்டு சக்கரத்துக்கு அரைச் செங்கல் முட்டுக் கொடுத்தேன். சைக்கிள் கடையில் பழைய டயர் வாங்கி வெட்டி மற்ற இரண்டுக்கும் அடியில் திணித்தேன். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதே, அதனால் கோணியில் பழந்துணியை அடைத்துத் தைத்து, கட்டிலின் தலைமாட்டுக் கம்பியிலேயே கட்டினேன். அப்படியும் சாயங்காலம் வந்தால் கோணல். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்து, உதிர்ந்த சுண்ணாம்பைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போவார். அதற்குத் திட்டியிருந்தால்கூடத் தேவலை.

எங்கள் இருவருக்கும் ஒரு பாஷை உண்டு. நான் கேட்பேன். அவர் கண்ணை மூடினால் ஆமாம். மூடாமல் பார்த்துக்கொண்டே இருந்தால் இல்லை.

கார்த்திகை தீபத்துக்கு அவருடைய சொந்தக்காரர்கள் கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்தார்கள். கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவில் நின்று, உச்சியில் தீபம் தெரிந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "ஊரே தள்ளுமுள்ளுல சாவுது. இவருக்குப் பாரு, படுத்த எடத்துலயே தரிசனம். குடுத்து வெச்சவரு இல்ல?" என்றார் அவருடைய பெரியம்மா. அவர் கண்ணை மூடவில்லை. பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும். நான் எல்லோருக்கும் காபி கலக்கப் போய்விட்டேன்.

அது முடிந்து ஒரு வாரம் இருக்கும். மதியம் சோறு ஊட்ட ஓடி வந்தவள் வாசற்படியிலேயே நின்றுவிட்டேன். செங்கல் ஒன்று புரண்டு கிடந்தது. கட்டில் சுவரை விட்டு விலகி, குறுக்காகி, அதற்கும் மேலே திரும்பியிருந்தது. தலைமாடு வடக்கே பாதி வந்துவிட்டது. அவர் இடது கையால் மேற்கு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். விரல் முட்டியெல்லாம் தோல் உரிந்திருந்தது.

"என்னங்க இது? தானா உருண்டுச்சா?"

பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களே இழுத்தீங்களா? தெனமும் நீங்கதானா?"

கண்ணை மூடினார்.

"மலைய கிட்டத்துல பாக்கணுமா?"

பார்த்தார்.

"அது வடக்குங்க. தல வடக்க போவுதுங்க."

மூடினார்.

"தெரிஞ்சுதான் பண்றீங்களா?"

மூடிய கண்ணை வெகுநேரம் திறக்கவே இல்லை.

எனக்கு வந்தது அழுகை இல்லை, கோபம். "அப்ப நான் யாருக்காகங்க இங்கியும் அங்கியும் ஓடினு கெடக்குறேன்? என்ன தனியா விட்டுட்டுப் போவணுமா?" என்று கத்தினேன். பீயும் மூத்திரமும் வாரியதையெல்லாம் சொல்லிக் காட்டினேன். அந்த வார்த்தைகளை இன்றைக்கும் என்னால் முழுங்க முடியவில்லை. சத்தம் கேட்டு வீட்டுக்காரம்மா ஓடி வந்தார். "தரை சாய்வுங்க, கட்டில் உருண்டுடுச்சு" என்றேன்.

மறுநாளே தச்சரை வரவழைத்தேன். கனமான இரண்டு பலகை. ஒவ்வொன்றிலும் இரண்டு குழி, சக்கரம் பாதி இறங்குகிற ஆழத்துக்கு. சுவருக்கும் கட்டிலுக்கும் நடுவில் நாலு விரல் இடம் விட்டு வைத்தோம். கட்டிலைத் தூக்கி இறக்கியபோது நாலு சக்கரமும் சரியாக உட்கார்ந்தன. "இனிமே யானை வந்து முட்டினாலும் அசையாதுங்க" என்றார் தச்சர். செவுத்துக்காகத்தான் என்று எல்லோரிடமும் சொன்னேன். அவரிடமும் அப்படியே சொன்னேன். அவர் கண்ணை மூடாமல் என்னையே பார்த்தார். நான் பலகைக்கு அடியில் தூசி பெருக்கினேன்.

அதற்கப்புறம் நாலு வருஷம். கட்டில் ஒரு நூல் நகரவில்லை. முதல் சில வாரம் அவர் கை ஜன்னல் கம்பிக்குப் போயிருக்க வேண்டும், சாயங்காலம் உள்ளங்கையில் துரு இருக்கும். பிறகு அதுவும் இல்லை. நல்ல கை கெட்ட கை மாதிரியே கிடந்தது. மலை மட்டும் எதிரில் நின்றது, வெயிலில், மழையில். எனக்கே அதைப் பார்க்கப் பிடிக்காமல் போயிற்று. கடைசி வருஷம், முதுகுப் புண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது என்னையறியாமல் கேட்டுவிட்டேன்: "கட்டிலத் திருப்பிப் போட்டுடட்டுமாங்க?"

கேட்டு முடிப்பதற்குள் கண்ணை மூடினார்.

"நாளைக்கு" என்றேன். மறுநாள் காலையில் நான் புடவை கட்டிக்கொண்டு கிளம்பும் வரைக்கும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டேன். அதற்கடுத்த நாளும் போனேன். எனக்கு அவர் வேண்டும், எப்படியாவது வேண்டும். வேறு ஒரு நியாயமும் என்னிடம் இல்லை.

தை மாதம் ஒரு காலையில், தெற்கே தலை வைத்தபடியே போனார். மலையைப் பார்த்துக்கொண்டே போன புண்ணியவான் என்று வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள்.

வீட்டைக் காலி பண்ணிய அன்று வீட்டுக்காரம்மா அறைக்குள் வந்தார். தெற்குச் சுவரில் மேலும் கீழும் கையால் தடவிப் பார்த்தார். தச்சர் வந்து போனதும் நான் பழைய கீறலையெல்லாம் சுண்ணாம்பு குழைத்துப் பூசியிருந்தேன். அதற்கப்புறம் ஒரு பொட்டுகூட உதிரவில்லை.

"வேற யாரா இருந்தாலும் இப்படிப் பண்ணியிருக்க மாட்டாங்க டீச்சரம்மா" என்றார். "நல்லா பாத்துக்கினீங்க."

நாலு வருஷமாக யாராவது ஒருத்தர் என்னிடம் சொல்ல மாட்டார்களா என்று ஏங்கிய வார்த்தை அது. சுவரைத் தொட்டுக்கொண்டு சொன்னார். நான் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.