வரிசையில் முதல் லாரி

இரண்டாம் வகுப்பில் எங்கள் மிஸ் வாரத்துக்கு ஒரு விஷயமாகப் படப் புத்தகங்களைக் கொண்டுவந்து வாசிக்க வைப்பார். ஒரு வாரம் பறவைகள், ஒரு வாரம் மழை. வண்டிகள் வாரத்தில் எனக்குக் கிடைத்தது ஒரு சிவப்பு லாரியின் கதை. பகலெல்லாம் ஊர் சுற்றும் அந்த லாரி, கடைசிப் பக்கத்தில் பொழுது சாய வீட்டுக்கு வரும். பிள்ளைகள் கைநீட்டி ஓடிவருவார்கள்.

வாசித்து முடித்ததும் மிஸ் கேட்டார்: "சாயங்காலம் லாரி எங்கே போச்சு?"

எழுத்துக்கூட்டி வாசிக்க எனக்கு நன்றாகவே வரும். ஆனால் அந்தப் பதிலைச் சொல்ல மனம் ஒப்பவில்லை. "வூட்டுக்குலாம் வராது மிஸ். லைன்ல நிக்கும்," என்றேன்.

வகுப்பு சிரித்தது. மிஸ் சிரிக்கவில்லை. "உனக்குத் தெரிஞ்சது வேற. புத்தகம் என்ன சொல்லுது? படத்தை நல்லா பாத்துட்டு திங்கக்கிழமை சொல்லு," என்று புத்தகத்தை என்னிடமே கொடுத்துவிட்டார்.

என் அப்பா கண்டெய்னர் லாரி ஓட்டினார். அவர் வீட்டுக்கு வந்து அப்போது பல நாளாகியிருந்தது. கேட்டால் அம்மா, "ஆர்பர்ல லைன் நிக்குது. கேட்டு தொறந்தாதான வருவாரு," என்பாள். திருவொற்றியூர்ப் பிள்ளைக்கு அதில் சந்தேகப்பட ஒன்றும் இல்லை. எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போக லாரிகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்த்தபடிதான் பள்ளிக்கூடம் போவோம். ஆனாலும் அன்று மணியடிக்கும்வரை என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. புத்தகம் சொல்வது சரியா, நான் சொன்னது சரியா? அப்பாவைத்தான் கேட்கவேண்டும்.

பள்ளி விட்டதும் வீட்டுப் பக்கம் திரும்பாமல் சாலையோரமாக நடந்தேன். அன்று பார்த்து வரிசையே இல்லை. லாரிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பறந்தன; ஒவ்வொன்றும் கடக்கும்போது பாவாடை காலில் சுற்றிக்கொண்டது. திரும்பிவிடலாமா, திரும்பிவிடலாமா என்று நினைத்துக்கொண்டே வெகுதூரம் போனபின், ஒரு கிடங்கின் மதிலோரம் எங்கள் லாரி நின்றது. முன்கண்ணாடியில் நான் ஒட்டிய பட்டாம்பூச்சி.

அப்பா கேபினில் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் குதித்து இறங்கினார்.

"இந்த ரோட்ல தனியாவா வந்த? அம்மாக்கு தெரிமா?"

தூக்கி உள்ளே உட்காரவைத்தார். நான் புத்தகத்தை விரித்து வழக்கைச் சொன்னேன். கடைசிப் பக்கத்தை அவர் வெகுநேரம் பார்த்தார்.

"புக்குல கீறதுதான் கரீட்டு," என்றார். "வண்டின்னா வூட்டுக்கு வரணும்."

"அப்போ நீ ஏன் நைனா வர்ல?"

"கேட்டு தொறக்கல கண்ணு."

என்னைத் தெருமுனைவரை கூட்டிவந்தார். அதற்குமேல் வரவில்லை. நான் படியேறும்வரை அங்கேயே நின்றார்.

அம்மா எங்கெங்கோ தேடிவிட்டு, கலைந்த தலையோடு வாசலில் நின்றிருந்தாள். அடி விழும் என்று பார்த்தேன். விழவில்லை, கேள்விகள்தான் வந்தன. வண்டியில் என்னென்ன இருந்தது? கயிற்றில் சட்டைகள் காய்ந்தன, சவரக் கண்ணாடி மாட்டியிருந்தது, தலையணை, ஸ்டவ் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன். என்ன சாப்பிட்டார்? பன்னு. நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்திருந்தேன்.

"ரோட்ல லைனே இல்லமா. நைனா வண்டிக்கு முன்னாடி ஒரு வண்டி கூட இல்ல. அவருதான் பஸ்ட்டு. இன்னிக்கே வந்துடுவாரு."

அம்மா எழுந்துபோய், கழுவி வைத்திருந்த பாத்திரங்களை மறுபடி கழுவத் தொடங்கினாள்.

அவர்களுக்குள் சண்டை வந்து அப்பா லாரியிலேயே குடியிருந்தார் என்பதெல்லாம் பின்னால் தெரிந்த கதை. மழைக்காலம் முடிந்துதான் அவர் வீடு திரும்பினார். என்ன சண்டை என்று இன்றுவரை இருவருமே சொன்னதில்லை. அன்றோ, இவ்வளவு நல்ல செய்திக்கு அம்மா ஏன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை என்று, நான் அவள் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன்.