கட்டைவிரல் மறைத்த பச்சை கேட்

மேப்பில் எங்கள் பள்ளத்தோட்டத்தைத் தேடினால் ஒரு போட்டோ வரும். அதில் பாதி பச்சை கேட், பாதி கட்டைவிரல். விரல் என் நங்கையுடையது. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்போம். தன் கணவர் இறந்த பிறகு பிறந்த வீட்டுக்கே வந்து, எங்களோடு இருந்தவர். அந்தப் போட்டோவை முதலில் பார்த்தபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்ததோடு விட்டேனா? "போட்டோ எடுக்கத் தெரியாம எதுக்குங்க நங்கை இந்த வேலை உங்களுக்கு?" என்று கேட்டும் வைத்தேன். என் வாய் அப்படி. அந்த வேலையே நான் செய்த கூத்தால்தான் அவர் தலையில் விழுந்தது என்பதை வசதியாக மறந்துவிட்டேன்.

நான் சேலம் டவுனில் பிறந்தவள். கம்ப்யூட்டர் படித்தவள் என்ற மிதப்போடு திருச்செங்கோட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தேன். இங்கே வீடுகள் தெருவாக இருக்காது. அவரவர் தோட்டத்துக்குள் தனித்தனியாக இருக்கும். வெளியாள் யாராவது வந்தால் கரட்டுக் குன்றைத் தாண்டு, ஓடையில் இறங்கு என்று வழி சொல்லியே வாய் வலித்துவிடும். ஊரிலுள்ள பதினேழு தோட்டத்தையும் மேப்பில் ஏற்றிவிடுகிறேன் என்று நானாகத்தான் கிளம்பினேன். ஆனால் போனில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது மேட்டில் இருக்கும் தண்ணீர் டேங்குக்கு அடியில் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்கார்ந்தேன். "எங்கூட்டையும் போட்டு உடு சாமி" என்று ஆளுக்கு ஆள் வந்து நின்றார்கள். பெயரை அடிப்பேன். இடம் எது என்று போன் கேட்டால், நான் உட்கார்ந்திருக்கும் இடத்தையே அழுத்திவிடுவேன். பெயர் ஏறட்டும், இடத்தைப் பிறகு நகர்த்திக்கொள்ளலாம் என்று நினைப்பு. அந்தப் பிறகு வரவே இல்லை.

விளைவு, பதினேழு தோட்டமும் டேங்குக்கு அடியில் குவிந்துவிட்டன. கேஸ் சிலிண்டர் அங்கே இறங்கியது, பார்சல் அங்கே வந்தது. ஒருநாள் பெண் பார்க்க வந்த கூட்டம் பூவும் பழமுமாக டேங்கடியில் நின்றது. தண்ணீர் திறந்துவிடுகிறவர் வீட்டுக்கே வந்து கேட்டார்: "ஏனுங்க, பதினேழு குடும்பம் என்னோட டேங்குக்கடியில குடியிருக்குதாமா? எனக்கே தெரியாமப் போச்சுங்களே!" எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. கோபத்தில் மேப்பையே திறப்பதில்லை என்று முடிவு செய்தேன்.

சிரிக்காதவர் நங்கை ஒருவர்தான். அப்போது எனக்கு எட்டாம் மாதம். ரத்தக்கொதிப்பு ஏறுகிறது, தலைவலி வந்தாலோ கண் மங்கினாலோ ஒரு நிமிஷம் தாமதிக்கக்கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். என் வீட்டுக்காரர் ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியோடு வடக்கே போயிருந்தார். டேங்கடிக்குப் போய்விடும் வண்டி எங்கள் வீட்டுக்கு வர, ஓடையைச் சுற்றிக்கொண்டு அரைமணி நேரம் ஆகும். "சிலிண்டரு டேங்குக்குப் போனாப் போயிட்டுப் போகுது. ஆம்புலன்ஸ் போகக்கூடாது கண்ணு" என்றார் நங்கை. அன்றே என் பழைய போனை வாங்கிக்கொண்டார்.

காலையில் சொசைட்டியில் பால் அளந்துவிட்டு வந்ததும் குடையும் போனுமாகக் கிளம்பிவிடுவார். சிக்னல் இல்லாத இடத்திலும் மேப்பில் அந்த நீலப் புள்ளி நம்மோடு நடந்து வருகிறது என்பதை அவர்தான் கண்டுபிடித்தார். கம்ப்யூட்டர் படித்த எனக்கு அது தோன்றவில்லை, பாருங்கள். ஒவ்வொரு தோட்டத்துக் கேட்டிலும் நின்று, இடத்தைக் குறித்து, போட்டோ எடுத்து வைத்துக்கொள்வார். சாயங்காலம் மேட்டுக்கு ஏறித் திருத்தத்தை அனுப்புவார். இதெல்லாம் சரிதான். ஆனால் எங்கள் வீட்டை மட்டும் தள்ளிக்கொண்டே போனார். பதினாறு வீடு முடிந்தது, எங்களுடையது முடியவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஊரு மெச்சோணும், இல்லீங்களா? வயித்தைத் தள்ளிட்டு நிக்கறவ உங்க கண்ணுக்குத் தெரியலையாட்ட இருக்குது" என்று சொல்லிவிட்டேன். மறுநாள்தான் எங்கள் கேட்டைப் படம் எடுத்தார், விரலும் சேர்த்து.

அனுப்பி மூன்றாம் நாள், மதியச் சோற்றில் கை வைத்தபோது தலை பிளந்தது. எதிரில் இருந்த நங்கையின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அவர் களத்து மேட்டுக்கு ஓடினார். அங்கே அரைகுறையாக ஒரு கோடு சிக்னல் வரும். "பள்ளத்தோட்டமுங்க... மேப்புல பள்ளத்தோட்டம்னு போடுங்க..." என்று அவர் கத்தியது உள்ளே எனக்குக் கேட்டது. அதற்குள் போன் அறுந்துவிட்டது. மேப்பில் திருத்தம் ஏறிவிட்டதா, இன்னும் டேங்கடிதானா, எங்களுக்குத் தெரியாது. போய்ப் பார்க்கவும் நேரமில்லை. பயந்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, நான் அழுத்திய அந்த ஒரு அழுத்தலை நினைத்து நினைத்து அழுதேன்.

கொஞ்ச நேரத்தில் சைரன் கேட்டது. புளியமரத்துப் பிரிவில் இடப்பக்கம் திரும்பினால் டேங்கு, வலப்பக்கம் நாங்கள். சத்தம் சட்டென்று அமுங்கியது. போச்சு, டேங்கு மேட்டுக்குப் போய்விட்டது என்று நான் கண்ணை மூடிக்கொண்டேன். இல்லை, கரட்டுக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அடுத்த நிமிஷம் எங்கள் வாசலிலேயே அலறிக்கொண்டு நின்றது. அப்பாடா! டிரைவர் இறங்கும்போதே சொன்னார்: "மேப்புல ஒரு வெரல் இருந்துச்சுங்க. பக்கத்துல பச்சைக் கேட்டு தெரிஞ்சுது. அதான் நேரா வந்துட்டேன்." நங்கை அப்படியே மண்ணில் உட்கார்ந்து, சிரிப்பும் அழுகையுமாக ஒரு பாட்டம் தீர்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினார். அன்று சாயங்காலம் என் மகள் பிறந்தாள். நானும் பிழைத்தேன்.

மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். கரட்டின் மேல் டவர் வந்து, அடுப்படியிலேயே சிக்னல் கிடைக்கிறது. நங்கை பள்ளிபாளையத்தில் மகன் வீட்டில் இருக்கிறார். போன வாரம் வந்திருந்தபோது, என் வீட்டுக்காரர் புதுப் போனில் கேட்டைப் பளிச்சென்று படம் பிடித்து, மேப்பில் இதை மாற்றிவிடலாமா என்று கேட்டார். "அந்தக் கருமத்தை மொதல்ல எடுத்துரு கண்ணு, மானம் போகுது" என்று நங்கையும் சேர்ந்துகொண்டார். நான் மற்ற பதினாறு வீட்டுப் படங்களையும் திறந்து பார்த்தேன். ஒன்றில்கூட விரல் இல்லை.

"நம்மூட்டுக்கு மட்டும் எப்படிங்க நங்கை?" என்று கேட்டேன்.

"ஊரு மெச்சவா பதினாறு ஊட்டுக்கு அலைஞ்சேன்? கை பழகோணும்னுதான். நம்மூடு தப்பாப் போயிறக் கூடாதுல்ல," என்றார். "கடைசியா நம்ம கேட்டுல நிக்கறப்பத்தான் கை வெடவெடன்னு வந்துருச்சு. ஆடிறக் கூடாதுன்னு இறுக்கிப் புடிச்சேன் கண்ணு."

மேப்பை மூடினேன். புதுப் படம் வீட்டுக்காரரின் போனிலேயே இருக்கிறது.