விரல் வைத்த மூலை

என் அக்கா தன் கண்ணால் பார்த்ததை நம்ப மாட்டாள். அடுப்பில் பால் பொங்கினால்கூட அத்தானைக் கூப்பிட்டு, "பொங்குதுதானே?" என்று கேட்டுக்கொள்வாள். எல்லோரும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. அவளை அப்படி ஆக்கியது என் ஆள்காட்டி விரல். அது எனக்கே புரிய இருபது வருடம் ஆயிற்று. புரிந்த பிறகும் அவளிடம் சொல்லவில்லை. இனிச் சொல்லி என்ன கிடைக்கப் போகிறது?

எழுபதுகளின் கடைசி. அப்பாவுக்கு மட்டாஞ்சேரிப் பக்கம் கொச்சங்காடியில் மிளகுக் கிடங்கில் வேலை, கிடங்குக்குப் பின்னால் வீடு. அக்கா மட்டாஞ்சேரியிலிருந்து படகேறி எறணாகுளம் போய் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தாள். அவளுடைய பேராசிரியர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டால் மேலே படிக்கலாம். இல்லையென்றால் திருநெல்வேலி வரனுக்குச் சரி என்று எழுதிவிடுவேன் என்று அப்பா சொல்லியிருந்தார்.

முன்அறையில் அவளுடைய கண்ணாடித் தொட்டி. அதில் கரிமீன் குஞ்சுகளும் பள்ளத்தி என்கிற பொடி மீன்களும். நடுவே ஒரு கண்ணாடித் தடுப்பு. ஒரு பக்கம் சில மீன்கள் ஏதாவதொரு மூலையில் கொசுப்புழு தின்னும். மறுபக்கம் பட்டினி மீன்கள் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். பிறகு தின்ற மீன்களையும் மிச்சப் புழுவையும் எடுத்துவிட்டுத் தடுப்பைத் தூக்குவாள். பார்த்த மீன்கள் அதே மூலைக்குப் போனால், பார்த்தே கற்றுக்கொண்டன என்று பொருள். பள்ளத்திகள் போயின. கரிமீன்கள் மனம் போன பக்கம் அலைந்தன.

"ரெண்டும் ஒரே குடும்பம்தான்டி," என்பாள் அக்கா. "கரிமீனுக்கு உடம்பு பெருசு, முள்ளு கெட்டி. தானே போய்த் தேடலாம். பள்ளத்தி பாவம், தலை காட்டினா யாராவது தின்னுடுவாங்க. ஒளிஞ்சிருந்து அடுத்தவனப் பாத்தே படிச்சிருக்கும்."

"பள்ளத்தி பொரிக்கத்தான் லாயக்கு," என்பார் அப்பா, சாயாவை ஆற்றிக்கொண்டே.

கொசுப்புழு பிடித்துத் தருவது என் வேலை. மட்டாஞ்சேரியில் அதற்குப் பஞ்சமே கிடையாது. பள்ளத்திகளின் மஞ்சள் நிறத்தில் எனக்கு ஒரு மயக்கம். அக்கா படகுக்குப் போனதும் அவற்றுக்கு மட்டும் விரல் நுனியில் புழுவை ஒட்டி ஊட்டுவேன். விரலைக் கண்டாலே ஓடி வரும். சோதனையின்போது அக்கா ஒரு பக்கம் உட்காருவாள், நான் எதிர்ப்பக்கம். அவள் கண் மீன்மேலும் கைக்கடிகாரத்திலும்தான் இருக்கும். பள்ளத்திகளின் முறை வந்ததும், அவை ஜெயிக்க வேண்டுமே என்ற தவிப்பில், புழு இருந்த மூலையில் கண்ணாடிமேல் விரலை வைத்துக்கொள்வேன். வேண்டுதல் மாதிரி.

பேராசிரியர் நேரில் பார்க்க வேண்டும் என்றார். அக்கா மீன்களை மூடிபோட்ட வாளியில் கல்லூரிக்குக் கொண்டுபோனாள். எனக்கு அன்று பள்ளிக்கூடம்.

சாயங்காலம் வாளியோடு திரும்பியவள் வாசலிலேயே நின்றாள். "அஞ்சு தடவை பாத்தாச்சுப்பா. ஒரு பள்ளத்திகூட அந்த மூலைக்குப் போகலை."

பேராசிரியர் திட்டவில்லையாம். நீ பார்க்க ஆசைப்பட்டதைப் பார்த்திருக்கிறாய் என்று மட்டும் சொன்னாராம். திட்டியிருந்தால் அவள் பிழைத்திருப்பாள். அப்பா சட்டையைக்கூடக் கழற்றாமல் திருநெல்வேலிக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தார்.

அக்கா என்னைத்தான் கேட்டாள். "நீயும் பாத்தியே, போச்சுதானேடி?"

"போச்சுக்கா," என்றேன். பொய்யில்லை. விரலைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்று எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முதுகு குலுங்கியது. எனக்குத் தாங்கவில்லை. பள்ளத்திகளைத் தொட்டியில் விட்டு, சற்றுப் பொறுத்து, மூலையில் விரலை வைத்தேன். அத்தனையும் திரண்டு வந்தன.

"இங்க பாருக்கா, இப்பப் போகுது பாரு."

இரண்டு முறை கூப்பிட்டேன். ஒரு தடவை தலையைத் திருப்பியிருந்தால் போதும், என் விரலைப் பார்த்திருப்பாள். அவள் திரும்பவில்லை. மீன்களுக்கு மறுபடியும் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, கை வலிக்கும்வரை விரலை எடுக்காமல் நின்றேன்.