பனிப்படிவுக் கட்டத்தில் எழுதியது

விமானி வாய்மொழியாகச் சொல்லும் பனிப்படிவு அறிக்கையை, சொன்ன அன்றே, உயரமும் நேரமும் குறித்துப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். தாமதமாக வந்தால் 'தாமதம்' என்று எழுதி ஏற்ற வேண்டும். எந்த நிலையிலும் விட்டுவிடக் கூடாது. எங்கள் வானிலை அலுவலகக் கையேடு இப்படிச் சொன்னது. புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதை நான்தான் வகுப்பெடுத்தேன். பிறகு அவர்களோடு சேர்ந்து நானே மீறினேன்.

போர்ட் பிளேரில் பனி என்றால் சிரிப்பார்கள். கீழே சட்டை முதுகில் ஒட்டும் வெக்கை. ஆனால் பதினாறாயிரம் அடிக்கு மேலே, பூஜ்யத்துக்கும் கீழான குளிரில், உறையாமலேயே நீர்த்துளிகள் மேகத்துக்குள் மிதக்கும். எதையாவது தொட்டால் அதன்மேல் உறைந்துவிடும். அந்த உயரத்தில் தொடுவதற்கு இருப்பது விமானத்தின் இறக்கைதான்.

விமானிகள் படிவம் நிரப்ப மாட்டார்கள். இறங்கியதும் எங்கள் அறைக்கு வந்து டீ குடித்தபடி இந்தியில் சொல்வார்கள். வேலையில் சேர்ந்த முதல் ஆண்டில் அப்படி ஒன்றை விதிப்படி ஏற்றினேன். மெயின்லேண்டிலுள்ள தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அந்நேரம் உங்கள் நிலையத்தில் வெப்பநிலை முப்பத்தொன்று. பனி எப்படி வந்தது? விளக்கம் மூன்று பிரதிகளில் தேவை. சொன்ன விமானியையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அதற்குப் பிறகும் டீ நிற்கவில்லை, பேச்சும் நிற்கவில்லை. எழுந்து போகும்போது மட்டும் "லிக்னா மத், தாதா" என்பார்கள். எழுதாதே, அண்ணா.

நாங்கள் எழுதவில்லை. பதிவேட்டின் பனிப்படிவுக் கட்டத்தைக் காலியாக விடக் கூடாது என்பதால் 'இல்லை' என்று எழுதினோம். காலியிடம் தணிக்கையில் மாட்டும், பொய் மாட்டாது. தினமும் கீழே நான் கையெழுத்திட்டேன்.

என் சொந்த நோட்டில் மட்டும் எல்லாவற்றையும் குறித்துவந்தேன். மேலே உள்ள வெப்பமும் ஈரமும் அளக்க நாள்தோறும் பறக்கவிடும் பலூனின் அளவுகளோடு ஒப்பிட்டேன். பல ஆண்டுகளில் ஒன்று தெளிவானது. ஏப்ரல், மே பிற்பகல்களில் பெரிய இடிமேகத்தை எல்லோரும் சரியாகவே விலக்குகிறார்கள். விலகி, அதன் பக்கத்தில் புதிதாக எழும் சின்ன மேகத்துக்குள் போகிறார்கள். மழைத்துளி இன்னும் திரளாததால் ரேடார் அதை வெளிறலாகக் காட்டும். உறையாத நீர் மிகுந்திருப்பது அங்கேதான். புறப்படும் முன் விமானியிடம் தரும் வானிலைக் குறிப்பில் இதை எச்சரிக்கும் ஒரு வரி சேர வேண்டும். அதற்கு மேல் நான் எதுவும் கேட்கவில்லை.

ஓய்வுக்கு இரண்டு ஆண்டுகள் இருக்கும்போது இதை ஆய்வாக எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினேன். திரும்பி வந்தது. குறிப்பிட்ட நாட்கள் அனைத்திலும் நிலையப் பதிவேடு 'இல்லை' என்கிறது, தகுதியுள்ள அதிகாரி கையெழுத்திட்டிருக்கிறார், எனவே ஏற்பதற்கில்லை. அந்த அதிகாரியை எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் கண்ணாடியில் அவருக்குத்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

கடிதத்தை என்னோடு வேலை பார்த்த, வானிலை அளவுகள் எடுக்கும் அப்சர்வரிடம் காட்டினேன். தூத்துக்குடிக்காரர், இங்கே வந்து முப்பது வருடம்.

"என்ன சார் இது, நம்ம எழுதுனத வச்சே நம்மள அடிக்காங்க?"

"சரியாத்தான் அடிச்சிருக்காங்க."

"சோடோ சார், விடுங்க. ஃபீனிக்ஸ் பே ஜெட்டில மீன் பெட்டில போடுற ஐஸத் தவிர இங்க எவன் ஐஸப் பாத்தான்? ரிட்டயர் ஆவப் போற நேரத்துல, பொய் எழுதுனேன்னு நீங்களே எழுதிக் குடுப்பியளா?"

"குடுக்கத்தான் போறேன்."

"பாகல் ஹோ கயா", பைத்தியம் பிடித்துவிட்டது என்று மின்விசிறியைப் பார்த்துச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "எம் பேர மட்டும் விட்ருங்க சார்" என்றார்.

விட்டுவிட்டேன். பதிவுகள் பொய், பொறுப்பு என்னுடையது, நோட்டின் நகல் இணைப்பில், பதிவேட்டைத் திருத்தி அந்த வரியைச் சேர்க்கவும் என்று எழுதினேன். தண்டனையாவது வரும் என்று எதிர்பார்த்தேன். அதுவும் வரவில்லை. ஓய்வு பெற்று இதே ஊரில் ஹேடோவில் வாடகைக்கு வந்தேன். நான்கு நினைவூட்டல்கள் அனுப்பினேன், ஒவ்வொன்றிலும் முந்தையதன் எண்ணைச் சுட்டி.

போன மே மாதம் மார்க்கெட்டில் பழைய விமானி ஒருவரைப் பார்த்தேன். சின்ன விமானம் ஓட்டுபவர். அதற்கு முந்தைய வாரம் இடிமேகத்தை விலக்கி வெளிறிய பக்கமாகப் போயிருக்கிறார். இறக்கை விளிம்பு வெள்ளையானது, வேகம் குறைந்தது, நாலாயிரம் அடி இறங்கிய பிறகுதான் பனி கழன்றது. பின்னால் இருந்த பயணிகள் காற்று ஆட்டுகிறது என்று நினைத்தார்களாம். கையில் கத்தரிக்காய்ப் பையோடு சிரித்துக்கொண்டே சொன்னார்.

"ரிப்போர்ட் கொடுத்தீர்களா?" என்று இந்தியில் கேட்டேன்.

"வாயால் சொன்னேன், தாதா. எழுத வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்."

நான் ஓய்வு பெற்றுவிட்டேன்; என் பழக்கம் இன்னும் பணியில் இருக்கிறது. இன்னொரு நாள் இன்னொருவருக்கு அந்த நாலாயிரம் அடி போதாமல் போகும். அன்றைய கட்டத்திலும் 'இல்லை' என்றுதான் இருக்கும்.

நினைவூட்டல்களுக்குக் கடைசியில் பதில் வந்தது. பாதுகாப்புக் காலம் முடிந்ததால் அந்தப் பதிவேடுகள் விதிப்படி அழிக்கப்பட்டன, இல்லாத பதிவேட்டில் திருத்தம் என்ற கேள்வி எழவில்லை, கோப்பு முடிக்கப்படுகிறது. அந்த ஒரு வரியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிற்பகல் விமானம் தலைக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தபோது தபால்காரரிடம் கையெழுத்திட்டு வாங்கினேன். தேதி, ஏப்ரல் நான்கு.